மூன்று பேருக்கு ஒரு பேட்ஜ்

என் தங்க மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால்தான் கடிதம். போன மாதம் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அணுமின் நிலையத்துச் சலவைக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் உடுப்பு வெளுத்தவளுக்கு ஒரு பூங்கொத்து, கூடவே ஒரு காகிதம். கதிர்வீச்சால் எனக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று அதில் அடித்திருந்தார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். “வருஷா வருஷம் வரம்புக்குள்ளதானேம்மா இருக்கு, அப்புறம் என்ன பயம்?” என்று அதிகாரி சிரித்தார். “இருபத்தாறையும் கூட்டினா எவ்வளவு சார், அதைச் சொல்லுங்க” என்றேன். காகிதத்தைத் திரும்ப எடுத்து மேசைக்குள் வைத்துக்கொண்டார்.

சலவைக் கூடத்தில் என் பக்கத்தில் நின்று துணி மடித்த பெரியக்கா ரத்தப் புற்றுநோயில் போனது உனக்குத் தெரியும். “இதாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்தா ஆபத்தும் கொஞ்சம் கூடும்” என்றார் எனக்குச் சோதனை செய்த டாக்டரம்மா. என் ரத்தத்தில் வெள்ளை அணு சற்றுக் குறைவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான், நீ பதறாதே. பதிவு அறை வாசல் பெஞ்சில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒன்பது நாள் உட்கார்ந்தேன், பத்தாம் நாள் என் கதிர்வீச்சு அளவுப் பதிவைத் தந்தார்கள். அதில் நான்கு வருஷம் வெறும் பூஜ்யம். கான்ட்ராக்டரிடம் இருந்த காலம் அது, கதிர்வீச்சை அளக்கிற பேட்ஜ் எங்களில் மூன்று பேருக்கு ஒன்றுதான், அதுவும் பெரியக்கா பெயரில், மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டோம். அப்போது அதை விளையாட்டாக நினைத்தோம்.

உடனே மனு எழுதினோம். உனக்கேன் இந்த வம்பு என்ற அப்பாதான் இப்போது எழுதித் தருகிறார், வரிக்கு இரண்டு பிழை, திருத்தப் போனால் கோபம் வேறு. இருபத்திரண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நான்கு வருஷத்தை மறுபடி கணக்கிடுவதாகவும், ஓய்வு பெற்றவர்களுக்கும் வருஷந்தோறும் ரத்தம் பார்ப்பதாகவும் எழுத்தில் வாங்கியிருக்கிறோம். செய்கிறார்களா என்று பார்க்க ஆள் வேண்டாமா, அதனால் இப்போதைக்கு உன்னிடம் வர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மனு கொடுக்கிற அன்று காலையில் பெரியக்கா வீட்டுக்காரர் வந்தார். “அவ பேரைச் சேர்த்துக்குவீங்களா?” என்று வாசலிலேயே நின்று கேட்டார். கையெழுத்துகளில் முதல் வரியை அவளுக்காகத்தான் விட்டிருந்தேன். பேனாவை வாங்கி அவரே எழுதினார்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது வாழவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குமேல் கூப்பிடு, அதற்கு முன்னால் நம் வீட்டுக் கூடம் நிறையப் பெண்கள் இருப்பார்கள்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா