தறிக்குடோனில் கேட்ட பாட்டு

அக்கா,

நேற்று அன்னூர் போகிற வழியில் ஒரு பேக்கரியில் டீ குடிக்க நிறுத்தினோம். பன் வேகிற வாசம் மூக்கில் ஏறிய நேரத்தில் கடை ஸ்பீக்கரில் நம் பாட்டு வந்தது. எடுத்த டம்ளர் பாதியிலேயே நின்றுவிட்டது. பாடியவள் யாரோ புதுப் பெண். ஆனால் பாட்டு நம்முடையதேதான். நீங்கள் தறி ஓட்ட, நான் தார்க்குச்சியில் நூல் சுற்ற, குடோன் ஜன்னலில் இருந்த டேப் ரெக்கார்டரில் தினமும் கேட்டோமே, அச்சு அசல் அதே மாதிரி.

என் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அங்கேயே வாக்குவாதம். ஒரிஜினலில் இருக்கிற உயிர் இதில் எங்கே, பழசு மாதிரி வேஷம் போட்டிருக்கிறார்கள் என்று அவள். இதுதான் மனதைப் பிசைகிறது என்று அவர். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

உங்கள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, காரியம் முடிந்த கையோடு தறிக்கு வந்துவிட்டீர்கள். ஊரே மூக்கின்மேல் விரல் வைத்தது. ஊருக்கென்ன, உங்கள் பிள்ளைக்குச் சோறு போடவா போகிறது? நீங்கள் யார் முன்னாலும் அழவில்லை. அந்தப் பாட்டு ஓடும்போது மட்டும் அறுந்த இழையை முடிகிற சாக்கில் தறிமேல் குனிந்துகொள்வீர்கள். ஒருநாள் என் காதோரம் வந்து சொன்னீர்கள்:

"எப்படி நிதானமா அழுவறா பாரு கண்ணு. நமக்கு அப்படி அழுவ நேரமிருக்குதா?"

உங்கள் பங்குக்கும் சேர்த்து அந்தப் பாடகி அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஓடாத படத்துப் பாட்டு அது. குடோனைத் தாண்டி வேறெங்கும் நாம் அதைக் கேட்டதே இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் கேட்டதும் அதைத்தான். கஞ்சி வேண்டாம், அந்தப் பாட்டைப் போடு என்றீர்கள். மகளிடம் சொல்லி ஒரிஜினலையே தேடி எடுத்து, செல்போனை உங்கள் காதருகே பிடித்தேன். வரி அதே வரி. பாடியதும் அதே பாடகிதான் என்று மகள் சத்தியம் செய்தாள். ஆனால் பாட்டு குடுகுடுவென்று ஓடியது. சந்தைக்கு நேரமாகிவிட்டவள் மாதிரி பாடிவிட்டுப் போனாள். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

"இவ இல்ல கண்ணு. அவ இப்படிப் பறக்க மாட்டா. நிறுத்தீரு."

சரியானதைத் தேடிக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தேடவும் தேடினேன். எங்கே போட்டாலும் அந்தப் பறக்கிறவளேதான் வந்தாள். அதற்குள் உங்கள் மகனிடமிருந்து போன் வந்துவிட்டது.

நேற்று மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

"அதே பாட்டுத்தானுங்க அத்தை. வேகத்தைக் கொறச்சு, பழைய டேப்புல இழுத்துக்கிட்டு ஓடற மாதிரி பண்ணிப்போட்டாங்க."

குடோன் முழுக்கத் தறி ஓடும்போது கரண்ட் இறங்கி, பல்பெல்லாம் மஞ்சளடித்துப் போகுமே. டேப் ரெக்கார்டரும் அந்தக் கரண்டில்தானே ஓடியது? இருந்த கரண்டைத் தறி தின்றுவிட, அவள் இழுத்து இழுத்துப் பாடியிருக்கிறாள். அவள் நிதானமாக அழவே இல்லை, அக்கா. நம் தறிதான் அவளை அப்படி அழ வைத்தது. அது தெரியாமல் வருஷக்கணக்கில் அதைக் கேட்டு மனதை ஆற்றிக்கொண்டோம். பாழாய்ப்போன கரண்ட். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

எது நன்றாக இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். அம்மா பழைய ஆள், ஒரிஜினல் பக்கம்தான் நிற்பாள் என்று மகளுக்கு நம்பிக்கை. புதுசுதான் என்றேன். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. காரணம் சொல்ல வாயெடுத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். டீ சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாப்பிள்ளை அந்தப் பாட்டை என் செல்போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். காலையில் வீட்டில் தனியாக இருந்தபோது போட்டுக் கேட்டேன். அவள் பறக்கவில்லை. நீங்கள் சொன்ன அதே நிதானத்தில்தான் அழுகிறாள். கொண்டு வருகிறேன் என்று நான் சொன்ன பாட்டு கையில் இருக்கிறது. எந்தக் கட்டிலுக்குக் கொண்டு போவேன், அக்கா?