கதிர் அரிவாளுக்கு ஒரு டோக்கன்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்தே புழுதிக் காற்று. கொடியில் போட்ட யூனிஃபார்ம் சட்டை பறந்து பக்கத்து வீட்டு ஷீட் மேல் கிடந்தது. கம்பால் இழுத்து, உதறி, அதையே மாட்டிக்கொண்டு போனேன். இன்னொன்று வாளியில் ஊறுகிறது.

கே.கே. நகரில் ஏஜென்சி ஆபீசில் டிரெயினிங். டீ உண்டு என்றார்கள், வரவில்லை. போதையில் வருகிற ஆள், கையில் ஏதாவது வைத்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் செக்யூரிட்டி என்ன செய்ய வேண்டும் என்பது பாடம். டிரெயினர் சாரே குடிகாரராக நடித்தார். நன்றாகவே தள்ளாடினார். கத்திக்குப் பதில் சீப்பு.

மறந்துவிடாமல் இருக்க: எட்டித் தொட முடியாத தூரத்தில் நிற்க வேண்டும். நம் இரண்டு கையும் அவனுக்குத் தெரிய வேண்டும். பேசுவது ஒருவர் மட்டும். மற்றவர் கூட்டத்தை விலக்கிவிட்டு போலீசுக்கு போன். குரல் உயரக் கூடாது. குடித்திருக்கிறாயா என்று கேட்கவே கூடாது. அவன் வெளியே போகிற வழியை அடைக்கக் கூடாது. ஆயுதத்தைக் கையில் வாங்கக் கூடாது, கீழே வைத்துவிட்டுத் தள்ளி வரச் சொல்ல வேண்டும்.

என் முறை. சீப்பைப் பார்த்ததும் கையை நீட்டி, "குடுங்க சார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏம்மா, அவன் நீட்டுனா அது குடுக்குறதா, குத்துறதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நாள் முழுக்க நான் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். பை குடுங்க, தூக்குவாளி குடுங்க, தேங்காய் உள்ளே விடமாட்டாங்க குடுங்க, டோக்கன் தரேன், போகும்போது வாங்கிக்கங்க. வாய்க்குப் பழகிவிட்டது.

துரை என்னோடு கேட்டில் நிற்பவன். என்னைவிட ரொம்பச் சின்னவன். பாடம் முழுக்க போனில் கிரிக்கெட். "நம்ம ஆஸ்பத்திரிக்கு அருவாளோட எவன்க்கா வரப் போறான்? அல்வாவோடதான் வருவான்."

ஷூ கடிக்கிறது. கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

கேஸ் புக் பண்ணியாச்சு. வீட்டுக்கார மாமி மாடியிலிருந்து: "வசந்தா, ஜலம் பிடிச்சுண்டுடு, மோட்டாரை நிறுத்தப் போறேன்." குடத்தை வைப்பதற்குள் நிறுத்தியாயிற்று.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறுவதற்குள் முட்டி விட்டுப் போகிறது. ஆஸ்பத்திரி இருக்கிற தென்னூர் வரை நின்றுகொண்டே.

மூன்றாவது மாடியில் கவிதா என்று ஒரு பெண். ஆபரேஷன், பெண் குழந்தை. அம்மா இல்லை. புருஷன் ஓசூரில், லீவு கிடைக்கவில்லையாம். மாமியார் மட்டும் கூட. நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் கீழே வரைக்கும் வந்துவிட்டாள்.

"எங்கப்பா நாளைக்கு வருவாருக்கா. மண்ணச்சநல்லூர்லேர்ந்து. செவப்புத் துண்டு போட்டிருப்பாரு. கொஞ்சம் பாத்து விட்டுருங்க."

"பார்வையாளர் நேரத்துல வந்தா நான் ஏன் மறிக்கப் போறேன்?"

"இல்லக்கா. சில நேரம் அவரு..." முடிக்கவில்லை. குடிப்பார் என்று எனக்குப் புரிந்தது.

ஜூலை 9, புதன்

படுத்தேன், தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டாவது பார்க்கலாம்.

சாயங்காலம், பார்வையாளர் கூட்டம். சிவப்புத் துண்டு தோளில், ஒரு பெரியவர் உள்ளே வந்தார். அவருக்கு முன்னால் சாராய வாடை வந்தது. முகத்தில் அப்படியே கவிதாவின் மூக்கு. ஒரு கை இடுப்பை விட்டு அகலவில்லை. வேட்டிக் கட்டுக்குள் பேப்பரில் சுற்றி ஏதோ, வளைவாக.

இதுவரை சரியாகத்தான் செய்தேன். தள்ளி நின்றேன். கையை முன்னால் வைத்துக்கொண்டேன்.

"வாங்கய்யா. பேத்தியப் பாக்கவா?"

"ஆமாம்மா. மூக்கும் முழியுமா இருக்காளாமே." முகமெல்லாம் சிரிப்பு.

"இடுப்புல என்னங்கய்யா?"

"அது பாப்பாவுக்கு."

அவருக்குப் பின்னால் நின்ற துரைக்கு மரப்பிடி தெரிந்துவிட்டது. "அக்கா, அருவா!" என்று கத்தினான். கத்திய வேகத்தில் கிரில் கேட்டை இழுத்துப் பூட்டையும் போட்டுவிட்டான். என்ன தகராறு என்றாலும் முதலில் கேட்டை மூடு என்பது எங்களுக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. செல்போன் திருடனுக்கு அது சரி. இன்றைக்கு அரிவாளும் உள்ளே, கூட்டமும் உள்ளே. ஜனங்கள் பூட்டிய கேட்டில் போய் மோதினார்கள். ஒரு அம்மாவின் பிளாஸ்க் விழுந்து உடைந்தது.

பெரியவர் மிரண்டுவிட்டார். "ஏன் பூட்டுறீங்க? எதுக்குப் பூட்டுறீங்க?" என்று கேட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். கை இடுப்பில்.

எனக்குப் பயம். அவரை எப்படியாவது அமைதிப்படுத்த வேண்டும். வாய் தானாகத் திறந்தது. "ஒண்ணுமில்லைங்கய்யா. அதை இங்க குடுங்க, டோக்கன் தரேன். போகும்போது வாங்கிக்கங்க." என் கையும் நீண்டது.

அவருக்குப் புரிந்துவிட்டது. சரிம்மா, சரிம்மா என்று உருவி நீட்டினார். பேப்பர் கிழிந்து அரிவாள் நுனி வெளியே. துரையின் லத்தி இறங்கியது. மணிக்கட்டில் சத்தம் கேட்டது.

டோக்கன் வைக்கிற அலமாரிக்குக் கீழே போய் விழுந்தது, கதிர் அறுக்கிற சின்ன அரிவாள். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. என்னைப் பார்த்து, "டோக்கன் தரேன்னீங்களே" என்றார்.

ஜூலை 10, வியாழன்

அனல் காற்று.

மாமி: "ஏன்டி, உங்க ஆஸ்பத்திரியிலயா கத்திக்குத்து? ரெண்டு பேர் போயிட்டாளாமே?" யாரும் போகவில்லை மாமி என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. பால்காரர் மூன்று என்றாராம்.

பெரியவருக்கு ஜி.எச்.சில் மாவுக்கட்டு. பிறகு ஸ்டேஷன். பேர் பெரியசாமி, ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். கொலை செய்யும் நோக்கத்தோடு வந்தான் என்று கேஸ் போடச் சொல்லி ஆஸ்பத்திரி மேனேஜ்மென்ட் நிற்கிறது. கேமராவில் சத்தம் கிடையாது. படத்தை மட்டும் பார்த்தால் ஓங்கியது போலத்தான் இருக்கிறதாம். அப்புறம் இருப்பது எங்கள் இரண்டு பேர் வாய்தான்.

ஏஜென்சி சூப்பர்வைசர் வந்தார். "ஓங்குனான், துரை தடுத்தான். அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லுங்க. நம்ம காண்ட்ராக்ட் போயிரும்மா."

துரை முகம் வெளுத்திருந்தது. "சத்தியமா எனக்கு ஓங்குன மாதிரிதான்க்கா தெரிஞ்சுது." அவன் நின்ற இடத்திலிருந்து அப்படித்தான் தெரிந்திருக்கும். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

கவிதா மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். தையல் பிரிந்துவிடும் என்று சிஸ்டர் திட்டுகிறார்.

"நான்தான்க்கா கேட்டேன். பாப்பா தூக்கத்துல தூக்கிப் போட்டுத் தூக்கிப் போட்டு அழுவுது. பக்கத்துல இரும்பு வெச்சா காத்து கருப்பு அண்டாதும்பாங்களே, ஆணி கீணி ஏதாச்சும் கொண்டாங்கன்னேன். அவரு எங்கம்மாவோட அருவாளக் கொண்டாந்திருக்காரு. நான் பொறந்தப்ப என் தலமாட்டுல அதத்தான் வெச்சிருந்தாங்களாம்."

இந்த ஆஸ்பத்திரியில் எந்தத் தலையணையைத் தூக்கினாலும் அடியில் ஒரு நகவெட்டியோ பாக்குவெட்டியோ இருக்கும். சிஸ்டர்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நேற்று மட்டும் தோன்றவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஸ்டேஷன். பெஞ்சில் வெகுநேரம். ஃபேன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. துரை முதலில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். என்னைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எஸ்.ஐ. ஒரு பெண். அவரும் தூங்காத முகம்.

"ஓங்குனாரா, இல்லையா?"

"நான் குடுங்கன்னு கேட்டேன் மேடம். அவர் குடுத்தாரு."

"குடிச்சிருந்தாரா?"

"நல்லாவே குடிச்சிருந்தாரு."

"அந்த நெலமையில வேற ஏதாச்சும் செஞ்சிருந்தா?"

"செஞ்சிருக்கலாம். செய்ய மாட்டாருன்னு நான் சொல்லலை. ஆனா செய்யலை. கையில வாங்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நான்தான் கை நீட்டிட்டேன்."

சூப்பர்வைசர் பின்னால் இருமினார். எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பெரியசாமியைக் கூப்பிட்டு, ஒரு பாட்டம் திட்டித் தீர்த்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அரிவாள் மட்டும் திரும்பக் கிடைக்காது என்றார்.

வெளியே வந்ததும் சூப்பர்வைசர்: "திங்கக்கிழமையிலேர்ந்து கே.கே. நகர் அபார்ட்மென்ட் டூட்டிக்குப் போயிடுங்கம்மா." வேலையே போய்விடும் என்று நினைத்திருந்தேன். சந்தோஷப்படவும் தெம்பில்லை. துரையை ஒரு வாரம் வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். டீக்கடையில் பக்கத்தில்தான் நின்றான். தன் டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு வலித்தது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். ஷேர் ஆட்டோ ஓட்டி ஓட்டி அந்தச் சத்தத்திலேயே காது போன மனுஷன். "சரி விடு, அபார்ட்மென்ட்ல உக்கார நாற்காலி குடுப்பாங்க" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ராஜகோபுரம் தாண்டவே நேரமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இன்று கடைசி டூட்டி. புதுப் பையன் நாளைக்கு வருவானாம். இன்று நான் மட்டும்.

மத்தியானம் எதிர்ப்பக்கம் கரும்பு ஜூஸ் வண்டி நிழலில் பெரியசாமி. முகம் சவரம் செய்து, கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு. இன்றைக்குக் குடித்துவிட்டு வரவில்லை. உள்ளே விடக் கூடாது என்று மேனேஜ்மென்ட் உத்தரவு. நான் ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"கை எப்படி இருக்குங்கய்யா?"

"கெடக்கும்மா."

"நாளைக்கு டிஸ்சார்ஜ். ஆட்டோ வெளியதான் நிக்கும். அங்க பாப்பாவக் கையில வாங்கிக்கலாம்."

தலையை ஆட்டினார். கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரியெல்லாம் அழுவுதாம்மா. அந்த அருவா கெடைக்காதா?"

"கெடைக்காதுங்க."

"இன்னிக்கு ஒரு ராத்திரிக்காச்சும்..." என்று நிறுத்திக்கொண்டார். தப்பைச் செய்தவள் போல நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். மணிக்கட்டில் விழுந்தது துரையின் லத்தி. அதை வரவழைத்தது என் கை.

திரும்பி வந்தேன். கிரில் கேட்டில் அந்தப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பழைய இரும்புப் பூட்டு, நல்ல கனம். திறந்து கழற்றினேன். சோப்புப் போட்டுக் கழுவி, கைக்குட்டையில் துடைத்து, ரவுண்ட்ஸ் போகிற சாக்கில் மூன்றாவது மாடி.

மாமியார் கேன்டீனுக்குப் போயிருந்தார். கவிதா என் கையைப் பார்த்தாள். குழந்தையை மெதுவாக ஒருபக்கம் நகர்த்தித் தலைமாட்டு விரிப்பைத் தூக்கினாள். உள்ளே தள்ளி வைத்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று தெரியவில்லை. குழந்தை கொட்டாவி விட்டது.

சாயங்காலம் சூப்பர்வைசர் பொறுப்பை வாங்க வந்தார். டார்ச், விசில், டோக்கன் தட்டு, எல்லாம் சரி.

"கேட் பூட்டு எங்கம்மா?"

"வெளிய போற வழிய அடைக்கக் கூடாதுன்னு டிரெயினிங்ல சொன்னாங்க சார்."

"அதில்ல, பூட்டு எங்க?"

"காணோம் சார்."

சாவி என் பையில். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.