கோப்பை காணவில்லை

மீனாள் என்ற என்னைச் ‘சந்தேகாள்’ என்று கூப்பிட்ட என் நாதன் அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்கு எழுதுகிறேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் நேரே சேதிக்கு வருகிறேன். நம் நிரலும் குறிப்புகளும் இருக்கிற களஞ்சியத்தை வீடு மாற்றிவிட்டேன் அண்ணே. நமக்கு இடம் கொடுத்திருந்த கல்லூரிக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கோலாலம்பூரில் இருக்கும் ஒரு புதிய சர்வரில் வைத்தாகிவிட்டது. இந்தக் கடிதத்தையும் அங்கேயே, நம் நிரலுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன். நிரலை எடுக்க வருகிறவர்கள் இதையும் படித்துவிட்டுப் போகட்டும்.

அப்படி வருகிறவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் இருவரும் சேர்ந்து எழுதியது கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க உதவும் ஒரு சிறு மென்பொருள். நீங்கள் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், நான் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் புரோகிராம் எழுதுகிறவள். சனிக்கிழமை மத்தியானங்களில் சூலியா தெரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தே தாரிக் தேநீர் ஆறுகிற வரை ஒரே ஒரு ‘ஔ’வுக்காகச் சண்டை போட்டோம். எழுதியதைப் பூட்டி வைக்கவில்லை. யாரும் எடுக்கலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதற்கு இப்போது ஆங்கிலத்தில் ஒரு புதுப் பெயர் வந்திருக்கிறது. ஒருவர் அதைத் தமிழில் ‘திறந்த மூலம்’ என்று எழுதியிருந்தார். நீங்கள் இருந்திருந்தால் அதற்குக் களிம்பு உண்டா என்று விசாரித்திருப்பீர்கள்.

களஞ்சியத்தில் எனக்குப் பிடித்தது நிரலைவிட அதன் குறிப்புகள்தான். ஒரே எழுத்தை மாற்றினாலும் யார் மாற்றினார், என்றைக்கு, எதற்காக என்று கூடவே பதிவாகிவிடும். மற்றவர்கள் அங்கே ‘பிழை திருத்தம்’ என்று மட்டும் எழுதுவார்கள். நீங்கள் கதையே எழுதினீர்கள். ‘இன்று மழை. கொம்பு தனியாக ஓடுகிறது, பிடித்துக் கட்டினேன். மீனாவுக்குக் கோபம்.’ ஏழு வருஷத்து நாதன் அண்ணன் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறார். வேறு எங்கே தேடுவேன்?

போன மாதம் கல்லூரியிலிருந்து சந்திரன் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறாரே, அதே சந்திரன்தான்.

“மேடம், அந்தப் பழைய மெஷினை ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்க. ரெண்டாயிரம் பொறந்தா அதுக்குத் தேதி குழம்பிடும்னு பாஸுக்குப் பயம்லா. உங்க பாராங் எல்லாத்தையும் சீக்கிரம் எடுத்துக்கங்க.”

நம் ஏழு வருஷம் அவருக்குப் பாராங். தட்டுமுட்டுச் சாமான். சரி என்று புதிய இடம் தேடினேன். கோலாலம்பூரிலிருந்து குமரேசன் என்று ஒருவர் தானாகவே போன் செய்தார். தமிழ் மென்பொருள்களுக்காகவே ஒரு சர்வர் வைத்திருக்கிறாராம். இடம் இலவசமாம்.

“எல்லாம் தமிழுக்குத்தானே சிஸ்டர்” என்றார்.

தமிழுக்கு என்று சொல்லி எதையாவது இலவசமாகக் கொடுத்தால் நான் துருவத் தொடங்கிவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். எதற்காகக் கொடுக்கிறார்? என் நம்பர் எப்படிக் கிடைத்தது? நான் கேள்வி கேட்கக் கேட்க அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். சிரித்தது வேறு பிடிக்கவில்லை. கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

“பழைய குறிப்பெல்லாம் எதுக்கு சிஸ்டர்? லேட்டஸ்ட் காப்பி மட்டும் அனுப்புங்க, போதும்லா. நானே ஏத்திடறேன்.”

நானே ஏற்றிவிடுகிறேன்! அப்படிச் செய்தால் என்ன ஆகும் தெரியுமா அண்ணே? நிரல் முழுவதும் ஒரே நாளில், ஒரே ஆள் கையிலிருந்து வந்ததாகப் பதிவாகும். அந்த ஆள் குமரேசன். உங்கள் மழை, உங்கள் கொம்பு, உங்கள் பெயர், ஒன்றும் இருக்காது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இனி ஒரு குறிப்புக் காணாமல் போனாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று, மூட்டை கட்டும் முன் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன்.

கடைசிப் பக்கத்தை மட்டும் மூன்று முறை படித்தேன்.

நீங்கள் போனது பங்குனியில். வைகாசியில் உங்கள் பெயரில் ஒரு மாற்றம் பதிவாகியிருந்தது. ஆனியில் ஒன்று. ஆடியில் ஒன்று. மாதம் தவறாமல் ஐப்பசி வரை. குறிப்பு எழுதும் இடத்தில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

மாற்றம் என்ன என்று பார்த்தேன். நம் மென்பொருள் பயனரிடம் பேசும் வரிகளை ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து ஒரே கோப்பில் வைத்திருக்கிறோமே, அதில் ஒரு வரி. ‘கோப்பை காணவில்லை.’ அதற்கு ஆங்கில ‘கே’ எழுத்து ஒன்றைச் சேர்த்து யாரோ அதைக் ‘கோப்பைக் காணவில்லை’ ஆக்கியிருந்தார்கள். அடுத்த மாதம் அந்தக் ‘கே’ போய்விட்டது. அதற்கடுத்த மாதம் மறுபடி வந்தது. மறுபடி போனது.

அந்த வரியை மறந்திருக்க மாட்டீர்கள். ஒற்று இருந்தால் தொலைந்தது ஃபைல், ஒற்று இல்லாவிட்டால் தொலைந்தது தேநீர்க் கோப்பை. முதல் முறை அதைத் திரையில் பார்த்தபோது நான் கடையிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து நீங்கள் கடைக்காரரிடம் தே தாரிக் கேட்பதே, என்னைப் பார்த்துக் கண் சிமிட்டி, “கோப்பை காணவில்லை” என்றுதான். திருத்தலாமே அண்ணே என்று எத்தனை தடவை கேட்டேன்? “இருக்கட்டும் மீனா. அது எங்கட வீட்டுப் பிழை” என்பீர்கள். நம் மென்பொருளைத்தான் வீடு என்கிறீர்கள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. உலகத்தில் நம் இருவருக்கு மட்டுமே புரிகிற ஒரு கேலி இருப்பதில் அதைவிடப் பெருமை.

அந்த வரியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அதுவும் உங்கள் பெயரில் நுழைந்து. கதவு பூட்டியிருக்கிறதா என்று திருடன் ஆட்டிப் பார்ப்பதுபோல, ஒரு எழுத்தைப் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்து. இன்றைக்கு ஒரு ‘கே’, நாளைக்கு மொத்தமும் என்று எனக்குப் பட்டது. குமரேசன் மேல் சந்தேகம் வந்தது. ஆனால் அவரிடம் உங்கள் கடவுச்சொல் ஏது? எல்லாச் சாவியும் வைத்திருப்பவர் சந்திரன். இருவரும் கூட்டாளிகளோ?

மறுநாள் அரை நாள் லீவு போட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

“சந்திரன், செத்துப்போனவர் பேர்ல உள்ளே வந்துட்டுப் போறது யாரு?” என்று கேட்டேன். உட்காரக்கூட இல்லை.

அவர் முகம் சுருங்கிவிட்டது. “மேடம், என்னைத் தம்பி தம்பின்னு வாய் நிறையக் கூப்பிட்ட மனுஷன். அவர் பேர்ல நான் போவேனா?” என்றபடி திரையை என் பக்கம் திருப்பினார். யார், எப்போது, எந்த வழியாக நுழைந்தார்கள் என்ற பட்டியல் அது. எல்லாமே மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, டெலிபோன் லைன் வழியாக.

“இந்த லைன் நம்பரை நான் கொடுத்ததே ரெண்டு பேருக்குத்தான். ஒண்ணு நீங்க. இன்னொண்ணு அண்ணன் வீடு” என்றார்.

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா? புரியவில்லை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை உங்கள் மனைவி பரமேஸ்வரி அக்கா யாரிடமோ கொடுத்து ஏமாந்துவிட்டார்கள் என்றுதான் ஓடியது புத்தி. கார்த்திகையில் அந்த வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே ஜெலுத்தோங் போய் இறங்கி, உங்கள் வீட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து யார் வருகிறார்கள் என்று பார்த்தேன். சிரிக்காதீர்கள். யாரும் வரவில்லை. நாலு மணிக்கு வாசலுக்குப் போனேன், உள்ளேயிருந்து மோடம் இரையும் சத்தம் கேட்டது.

கதவு திறந்துதான் இருந்தது. உங்கள் நாற்காலியில் பரமேஸ்வரி அக்கா. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உங்கள் கையெழுத்தில் இருந்த ஓர் அட்டையைப் பார்த்துப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ‘ஒன்று, மோடத்தைப் போடவும். இரண்டு, சத்தம் நிற்கும்வரை பொறுக்கவும்’ என்று படிப்படியாக நீங்கள் எழுதிக் கொடுத்த அட்டை.

“அக்கா, நீங்களா?” என்றேன்.

திரும்பிப் பார்த்தார்கள். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

“ஓம் மீனா, நான்தான். வேறை என்ன செய்யிறது? அந்தியேட்டி அண்டைக்கு நீர்தானே சொன்னனீர், மூண்டு மாசம் ஒருத்தரும் உள்ளுக்குப் போகாட்டி பேரை எடுத்துப்போடுவாங்கள் எண்டு.”

சொன்னேன் அண்ணே. உங்கள் முப்பத்தோராம் நாளன்று, சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டே, பேச்சோடு பேச்சாக நான்தான் சொன்னேன். கல்லூரி விதி அது. மூன்று மாதம் புழங்காத கணக்கை மூடிவிடுவார்கள். கணக்கு மூடினாலும் பழைய குறிப்புகளில் இருக்கிற பெயர் அழியாது என்பதை நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாததால், நீங்கள் துடைக்கப்பட்டுவிடக் கூடாதே என்று அக்கா ஆறு மாதமாக உங்கள் பெயரை எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

“சும்மா உள்ளுக்குப் போயிட்டு வந்தால் போதாதோ எண்டு பயம். ஏதாவது மாத்தினால்தானே ஆள் இருக்கிறதெண்டு நினைப்பாங்கள்? எனக்கு மாத்தத் தெரிஞ்சது அந்த ஒரு எழுத்துத்தான். ஒரு மாசம் போடுவன், மற்ற மாசம் எடுப்பன்.”

“ஏன்கா அந்த எழுத்து?”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார்கள். “அது நான் விட்ட பிழையெல்லே. அந்த வரியள் முழுக்க அவர் சொல்லச் சொல்ல நான் அடிச்சது. முப்பது வருஷம் கப்பல் கம்பெனிக் கந்தோரிலை டைப் அடிச்சனான், ஒருத்தரும் ஒரு பிழை சொன்னதில்லை. இதிலை மட்டும் ஒரு ‘கே’யை விட்டிட்டன். திருத்த விடுங்கோ எண்டு எவ்வளவு கெஞ்சினன்! மனுசன் விடேல்லை. அதுக்குப் பிறகு தேத்தண்ணி வேணுமெண்டால் குசினி வாசலிலை வந்து நிண்டு, ‘கோப்பை காணவில்லை’ எண்டுதான் கேப்பார்.”

எங்கட வீட்டுப் பிழை. நீங்கள் அன்றே உள்ளதைச் சொல்லியிருக்கிறீர்கள். நான்தான் வேறு வீடு என்று நினைத்தேன்.

வலித்தது அண்ணே. அதை மறைக்கமாட்டேன். நம் இருவருக்கு மட்டும் என்று நான் பொத்தி வைத்திருந்தது அக்காவின் அடுப்படியிலிருந்து கடைக்கு வந்த சிரிப்பு. கண் சிமிட்டும்போது நீங்கள் என்னைத்தான் பார்த்தீர்களா, அக்காவை நினைத்தீர்களா? ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு உங்கள் மேல் மட்டும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. வந்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குப் பிறகு அழாமல் இருக்க என்னால் முடியவில்லை.

சந்திரனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லலா மேடம், உங்களைப் பத்தி அண்ணன் எப்பவோ சொல்லிட்டாரு” என்றார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார்.

குமரேசனிடம் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. குறிப்பு ஒன்றுகூடக் குறையாமல் மொத்தக் களஞ்சியமும் ஏறினால்தான் வருவேன் என்றேன். “லைன் ஸ்லோ சிஸ்டர், அதான் சொன்னேன். வேற ஒண்ணுமில்லை” என்றார். லைனில் ஏற்ற வேண்டாம், கையிலேயே கொண்டுவருகிறேன் என்று எல்லாவற்றையும் டிஸ்கெட்டுகளில் நிரப்பி, அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கல்லூரியில் இருந்த ஒவ்வொரு குறிப்பும் அங்கே வந்துவிட்டதா என்று சரிபார்த்தேன். வந்துவிட்டது. மழை இருக்கிறது, கொம்பு இருக்கிறது, என் கோபமும் இருக்கிறது. அக்காவின் முற்றுப்புள்ளிகளும் உங்கள் பெயரிலேயே இருக்கின்றன. அவற்றை நான் தொடவில்லை.

குமரேசன் எங்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷர் மாதிரிதான் தெரிகிறது. ஆனாலும் இன்னொரு பிரதி குவீன் ஸ்ட்ரீட்டில் எங்கள் வீட்டு முறுக்கு டின்னில் இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

புதிய சர்வரில் அக்காவுக்கு அவர்கள் பெயரிலேயே ஒரு கணக்குத் திறந்தோம். கார்த்திகையில் அக்கா சேர்த்த ‘கே’ அந்த வரியில் அப்படியே இருந்தது. இலக்கணப்படி சரியான வரி. இப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டேன். அக்கா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அந்த ஒற்றை எடுத்துவிட்டார்கள். பிறகு குறிப்பு எழுதும் இடத்துக்குப் போனார்கள். இந்த முறை முற்றுப்புள்ளி மட்டும் போடவில்லை. புதிய வீட்டின் முதல் குறிப்பு இதுதான்: ‘பிழை என்னுடையது. அப்படியே இருக்கட்டும்.’

இருக்கும் அண்ணே. இதைப் படித்துவிட்டு யாராவது நல்லெண்ணத்தோடு ஓர் ஒற்றைத் தூக்கிக்கொண்டு வந்தால், வாசலிலேயே நிறுத்தி விசாரித்து அனுப்பிவிடுவேன். சந்தேகப்படுவதற்கு என்னைவிட்டால் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள் நிம்மதியாக இருங்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இனி உங்கள் பெயரை யாரும் எழுப்பமாட்டார்கள். அந்த நேரத்தில் நான் ஜெலுத்தோங்கில் இருப்பேன். குசினி வாசலில் நின்று, ஒற்று இல்லாமல் தேத்தண்ணி கேட்பேன்.

உங்கள் வீட்டுப் பிழையைக் காவல் காக்கும்
தங்கை மீனாள்
பினாங்கு