நகரம் பச்சையானது

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கிளி வாழும் இடங்களைக் காட்டி நீ வரைந்த வரைபடம் வந்தது. இந்த மலைச்சரிவில் நான் எண்ணியது பதினொரு ஜோடி. நீயோ உங்கள் நகரம் முழுவதும் பச்சை பூசியிருக்கிறாய். பொந்துள்ள முதிர்ந்த மரம் இல்லாமல் இந்தக் கிளி முட்டையிடாது. உங்கள் ஊரில் பொந்து இருப்பது தார்ச்சாலையில் மட்டும்தானே? வாழும் பரப்பு இவ்வளவு பெரிதென்றால் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இங்கே மரங்களுக்கு இப்போதே வெட்டுவதற்கு எண் போட்டாயிற்று. அங்கே கிளியை யார் பார்த்தது?

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பொதுமக்கள் அனுப்பிய நாற்பத்திரண்டு தகவல்கள். பேருந்து நிலையம், வங்கி மாடி, பல் மருத்துவமனை. பார்த்த இடத்துக்கெல்லாம் பச்சை பூசுவது விதி. நான் படம் வரைகிறவன். கிளியை விசாரிக்கிறவன் இல்லை. மகள் உன்னைக் கேட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

மார்ச் 19

தம்பி,

பல் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். "'கதவைச் சாத்துங்க, கொசு வருது, எத்தனை தடவை சொல்றது'ன்னு அந்தக் கிளி திட்டுதுங்க. பல்லு வலியோட உக்காந்திருக்கிறவங்க எழுந்து போய்ச் சாத்துறாங்க" என்றார். உன் மனைவி உன்னைத் திட்டும் வாக்கியம் எனக்குத் தெரியாதா? நாற்பத்திரண்டு கிளிகள் இல்லை. ஒரே கிளி ஊர் சுற்றியிருக்கிறது.

போன கோடையில் நீ வந்துபோன மறுநாள் நான்காம் மரத்துப் பொந்தில் ஒரு குஞ்சு இல்லை. பாம்பு என்று பதிவேட்டில் எழுதினேன். எட்டு நாள் அந்தப் பாம்பைத் தேடினேன். உனக்கு ஏணியைக் காட்டியவள் நான்தான்.

திங்கட்கிழமை வெட்ட வருகிறார்கள்.

அக்கா

மார்ச் 28

அக்கா,

மகள் ஆசைப்பட்டாள் என்று எழுதினால் குற்றம் சின்னதாகத் தெரியும். அவள் கேட்கவில்லை. ஆறு வருஷமாக அந்தக் கிளியின் எல்லையை வரைகிறேன். ஒன்றைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. குஞ்சைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் உன் கையால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். ஜனவரியில் அது பறந்துவிட்டது. முதல் தகவலிலேயே எனக்குத் தெரியும். வேண்டாமென்று ஒதுக்கினால் காரணம் கேட்பார்களே என்று நாற்பத்திரண்டு தடவை பச்சை பூசினேன்.

உண்மையை எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு, "எதுக்குப்பா இவ்வளவு? 'வரைவுப் பிழை'ன்னு போட்டுக்கலாமே" என்றார். மாட்டேன் என்றேன். நிறுத்தச் சொல்லி ஆணை போனது. அதற்குள் நான்காம் மரம் விழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

உன் பதிவேட்டில் 'பாம்பு' என்பதை அடித்துவிட்டு 'தம்பி' என்று எழுதிக்கொள். அந்தச் சொல்லை இங்கே கையெழுத்தாகப் போட எனக்குக் கை வரவில்லை.