புருவம் சொன்ன பதில்

அன்பு மகள் லூசியாவுக்கு,

இறையருளால் நான் சுகம். நீயும் பிள்ளைகளும் நலமா? பயப்படாதே, உன் தம்பி ஃபலானிகோ நேற்றுக் கழுத்துவலி என்று விழுந்தான். சிட்னி மருத்துவமனையில் இருக்கிறோம். கழுத்து வழியே மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, புடைத்து வெடித்து, மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது. மறுபடி வெடிப்பதற்குள் அதை அடைக்க வேண்டுமாம்.

ஆனால் தாதி, "ஃபலானிகோ, கேக்குதா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு, "பதிலே இல்ல" என்று எழுதினாள். நினைவில்லாதவனுக்குச் செய்து பயனுண்டா என்று மருத்துவர் தயங்கினார்.

"மூணு தடவையும் புருவத்தைத் தூக்கினானே! எங்க சமோவாவில அதுதான் 'ஆமாம்'" என்றேன்.

"கண்ணு கூசுதுன்னுல்ல நினைச்சேன்!" என்றாள்.

வாயைத் திறந்து பதில் சொல் என்று அந்தப் புருவத்துக்காகச் சிறுவயதில் அவனை எத்தனை முறை அடித்திருக்கிறேன்! மருத்துவர் கேட்டார், புருவம் உயர்ந்தது. "உடனே தயார் பண்ணுங்க" என்றார்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. பிள்ளைகளை நான்கு வரி எழுதச் சொல். பிழைகளைத் திருத்த மாட்டேன். இவனைத் தவிர இங்கே என்னோடு நம் மொழி பேச ஆளில்லை.

இதோ, அவனைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கதவுக்கு அப்பால் என்னை விடமாட்டார்களாம். லூசியா, படித்ததும் மண்டியிடு. ஜெபிக்கப் பங்குச் சாமியார் வரட்டும் என்று காத்திருக்காதே.

அம்மா
செசிலியா