கம்போடியாவை என்னைவிட நன்றாக அறிந்தவளுக்கு

இன்று சிரம்பானில் நடந்த பயிற்சி வகுப்பில் ஒரு ஜாடியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே புளிக்கவைத்த மீன். கம்போடியாவில் நாங்கள் தொண்டாற்றப் போகும் கிராமத்தில் அது இல்லாமல் சாப்பாடே இறங்காதாம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. ஒரு வாரம் முழுக்க வெறுஞ்சோற்றில் பெலாச்சானை, அந்த நாறும் இறால் விழுதை, பிசைந்து என் வாயில் திணித்துப் பழக்கியவள் நீதானே.

செம்பனைத் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டே அந்த நாட்டை அப்படிப் படித்தாய். எந்த மாதம் வெள்ளம் வரும், பெரியவர்களைக் கும்பிடக் கை எவ்வளவு உயர வேண்டும், குழந்தையின் தலையை ஏன் தொடக்கூடாது, எல்லாம் உனக்கு அத்துப்படி. அவர்கள் மொழியைக்கூட கைப்பேசியில் கேட்டே கற்றுக்கொண்டாய். இருவரும் சேர்ந்து போவதாகத்தான் பேச்சு. பிறகு பாஸ்போர்ட் கேட்டார்கள்.

உனக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. நீ தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்த அன்று உன் அப்பா தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் பதியச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எந்தத் தாளாக இருந்தாலும் கிராணி பார்த்துக்கொள்வார் என்பதுதான் அங்கே வழக்கம். அவர் பதியாமலே மாற்றலாகிப் போனார். இருபத்தேழு வயதுவரை நீ ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாய்.

"லயத்துல பொறந்தேன்னு சொன்னா, லயம் எங்கங்கிறாங்க லா. இடிச்சது நானா?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ இல்லாமல் நானும் போகமாட்டேன் என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அடுத்த மாதமே உனக்குத் தெரியாமல் மனு போட்டேன். நீ எப்படியோ கண்டுபிடித்துவிட்டாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"போறதுன்னா ஒழுங்கா படிச்சிட்டுப் போடி. அங்க போயி என் மானத்த வாங்காத" என்றாய். அன்று மாலையிலிருந்தே எனக்குப் பாடம் எடுத்தாய். நானும் வெட்கமில்லாமல் படித்தேன்.

டெங்கிக் காய்ச்சல் ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோனது. இறப்புப் பத்திரம் வாங்க உன் அப்பாவோடு நான்தான் போனேன். ஒரே காலையில் கொடுத்துவிட்டார்கள். நீ பிறந்ததை நம்ப இத்தனை வருடம் மறுத்தவர்களுக்கு, நீ செத்ததில் ஒரு சந்தேகமும் வரவில்லை. குடியுரிமை என்ற இடத்தில் குடிமகள் அல்ல என்று போட்டிருந்தது. உன் அப்பாவுக்கு மலாய் படிக்க வராது. தாளை என்னிடம் நீட்டினார்.

"நல்லா பாரும்மா, எல்லாம் சரியா எழுதியிருக்காங்களா? இந்தத் தடவ நானே நேர்ல வந்துட்டேன்" என்றார். சரியாக இருக்கிறது மாமா என்றேன். வேறென்ன சொல்ல?

இன்றைய வகுப்பின் கடைசியில், அந்த ஊர்க்காரர்கள் உங்கள் நாட்டைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று அவர்கள் மொழியிலேயே பேசச் சொன்னார்கள். என் முறை வந்தது. எழுந்து நின்று, எங்கள் நாட்டில் எல்லோருக்கும் இடம் உண்டு என்று ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னேன். உச்சரிப்பு அருமை என்று கை தட்டினார்கள்.

நீ கற்றுக்கொடுத்த மொழியில் நான் பிழையில்லாமல் பேசிய முதல் வாக்கியம் பொய். அடுத்த மாதம் அதையும் சுமந்துகொண்டுதான் விமானம் ஏறுகிறேன்.