வாங்க என்று சொல்லாத வீடு

24 ஆகஸ்ட் 1996, சனி

காலையிலிருந்து சாரல். குடை ஸ்கூலில். செருப்பு வார் அறுந்து, காந்திபுரத்தில் தைத்துக்கொண்டு ஓட்டம். கண்டக்டர் "ஜெயில் ரெண்டுங்களா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். "எறங்கறதுக்குத்தானுங்களே, தங்கறதுக்கு இல்லியே?" எஸ்தர் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் சபையின் சிறை ஊழியக் குழு அவர் கையில். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடுகிற கண்டிப்போடுதான் ஜெபமும்.

இன்று பழனிச்சாமி. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டினவர். ஷிப்டுச் சண்டையில், கூட வேலை செய்த ஆறுமுகத்தைக் கட்டையால் ஓர் அடி. ஆள் போய்விட்டார். ஆயுள் தண்டனை, ஆறு வருஷம் ஆகிறது. இப்போது மகள் மஞ்சுவுக்குக் கல்யாணம், ஆவணி முடிவதற்குள். பரோல் மனு இரண்டு தடவை திரும்பிவிட்டது, மூன்றாவது போயிருக்கிறது. போலீஸ் விசாரிக்கப் போகும்போதெல்லாம் ஆறுமுகத்தின் மனைவி ராஜாமணியிடம் ஒரே பதில்: அவன் இந்த ஊருக்குள் வரக் கூடாது.

அதைப் பற்றிப் பழனிச்சாமி ஒரு குறையும் சொல்லவில்லை. கேட்டது வேறு. "புள்ள கண்ணாடி போட்டிருக்குதாமுங்க டீச்சர். எப்படி இருக்குதுன்னு பாத்துச் சொல்றீங்களா?"

25, ஞாயிறு

ஆராதனை முடிந்து எங்கள் குழுவின் விண்ணப்பத்தைச் சபைக்கு வாசித்தேன். குற்றம் சட்டத்தின் ஒரு பிரிவு மட்டுமல்ல, மனிதருக்குப் பட்ட காயம். காயம்பட்டவரைக் கேட்க வேண்டும். செய்தவர் திரும்பி வர ஒரு வழி வேண்டும். இதெல்லாம் அரசாங்கத்துக்கு எழுதியது. பின் வரிசையிலிருந்து ஒருவர்: "அப்ப கொலைகாரனுக்குக் கல்யாணச் சாப்பாடு. அப்படித்தானுங்களே?" நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குப் பதில் வந்தது சாயங்காலம், துணி மடிக்கும்போது. வழக்கம்போல.

அதைவிட உறுத்தியது வேறு. 'காயம்பட்டவரைக் கேட்க வேண்டும்' என்பது என் வாக்கியம். ராஜாமணியை நாங்கள் யாருமே போய்க் கேட்டதில்லை.

என்னைப் பெண் கேட்டிருக்கிற திருப்பூர் மாப்பிள்ளை வீட்டார், பெண் சனிக்கிழமைகளில் எங்கே போகிறது என்று விசாரித்தார்களாம். டியூஷன் என்றாளாம் அம்மா.

31, சனி

எ. அக்காவும் நானும் சோமனூர். தெரு முழுக்கத் தறிச் சத்தம், பேசுகிறவர் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ராஜாமணி தறிக்குத் தார் சுற்றுகிறவர், குச்சியில் ஊடைநூல் ஏற்றுகிற வேலை. நூலை விட்டு எழுந்திருக்காமலே "வாங்க, உக்காருங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார். அக்கா மன்னிப்பைப் பற்றிப் பேசப் பேச, "சரிங்க, சரிங்க" என்று அத்தனைக்கும் மரியாதை. பிறகு தார் மிஷினை நிறுத்தினார்.

"அவன் செஞ்சதுக்கு உள்ள கெடக்கறான். அது வேற. அந்த ஊட்டுப் பொம்பள எங்கூட்டுக்கு எழவு கேக்க வந்தாளாங்க? பத்து ஊடு தள்ளித்தான இருக்கறா. ஊரே வந்துச்சு. அவ வரல."

அக்கா பையிலிருந்து எடுத்த துண்டுப் பிரசுரத்தைத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து பழனிச்சாமி மனைவி காளியம்மா வீடு. வாசலில் புதுப் பந்தல். ராஜாமணி சொன்னதைச் சொன்னோம். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவனுங்க?" அப்புறம்தான் சிக்கல்: நேற்று முகூர்த்தக்கால் நட்டாயிற்று. நட்டபின் கல்யாண வீட்டார் துக்க வீட்டுப் படி ஏறக் கூடாது. ஆறு வருஷமானாலும் கேட்காத துக்கம் துக்கம்தானாம். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நாத்தனார்: "மாப்ள ஊட்டுக்குத் தெரிஞ்சா பந்தலப் பிரிச்சுக்க வேண்டியதுதான்."

உள்ளேயிருந்து மஞ்சு. கறுப்புச் சட்டக் கண்ணாடி, முகத்துக்குக் கொஞ்சம் பெரிது, அழகு. "தெரிஞ்சா தெரியட்டும். போய்ட்டு வந்து தலைக்கு ஊத்திக்கம்மா."

காளியம்மா எங்களுக்குக் காபி போட உள்ளே போனார். கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். ஏழாம் வகுப்புப் பேப்பர் கட்டு அப்படியே இருக்கிறது.

1 செப்டம்பர், ஞாயிறு

காலையில் எ. அக்கா வீட்டுக்கே வந்து நின்றார். காளியம்மா யார் வீட்டிலிருந்தோ போன் செய்திருக்கிறார். போகிறாராம், எங்களையும் கூட வரச் சொன்னாராம். நானும் அக்காவும் ஆராதனைக்குப் போகாத ஞாயிறு. அம்மா இட்லியைக் கட்டிக் கொடுத்தாள்.

லீவு நாள், தறி ஓடவில்லை. அந்த அமைதியில் எங்கள் செருப்புச் சத்தம் தெருவுக்கே கேட்டது. காளியம்மா முன்னால், தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு. ராஜாமணி பார்த்தார். எழுந்திருக்கவில்லை. வாங்க என்று சொல்லவில்லை.

இந்தச் சீமையில் வேண்டாதவரைக்கூட வாசலில் பார்த்தால் வாங்க என்றுதான் சொல்வார்கள். நேற்று எங்களைச் சொன்னாரே. முடிந்தது என்று நினைத்து, காளியம்மாவின் முழங்கையைத் தொட்டுத் திரும்பக் கிளம்பினேன். எ. அக்கா என் கையைப் பிடித்தார். காதருகே: "எழவுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்ல மாட்டாங்க கண்ணு."

காளியம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். ராஜாமணி அணைக்கக் கை நீட்டினார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதது, நேற்றைய சாவுக்கு அழுவதுபோல. ராஜாமணி சொல்லிச் சொல்லி அழுதார்: அன்றைக்குக் காலையில் ஆறுமுகம் சாப்பிட்டது, சட்டைப் பொத்தான், எல்லாம். காளியம்மா "ஆமாங்க்கா, ஆமாங்க்கா." நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் விண்ணப்பத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

திரும்பும்போதும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர வேண்டும். வந்தோம். வாசல் தாண்டினபின் ராஜாமணி, எங்கள் யார் முகத்தையும் பாராமல்: "போலீஸ்காரரு கேட்டா வரட்டும்னு சொல்லிடறன். மொதல்ல இங்க வந்துபோட்டுத்தான் பந்தலுக்குப் போவோணும். அவனையும் வாங்கன்னு சொல்ல மாட்டன்."

4, புதன்

பல் வலி. கிராம்பு. லைப்ரரி புத்தகம் தவணை தாண்டிவிட்டது.

மஞ்சுவின் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிட்டதாம். மாப்பிள்ளையின் அம்மாவிடம் ஒரே கேள்வி: காளியம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டாரா? ஆமாம். "அப்பறம் என்னவாம்?" பந்தல் நிற்கிறது.

7, சனி

வெயில். ஜெயில். பரோல் வந்துவிட்டது: மூன்று நாள், காவலோடு. பழனிச்சாமியிடம் கண்ணாடி பற்றிச் சொன்னேன். சட்டம் கறுப்பா பழுப்பா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ராஜாமணி சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

கம்பியைப் பிடித்தபடி நின்றார். "அங்க போயி என்னங்க பேசறது?"

எதற்கும் ஒரு வசனம் வைத்திருக்கிற எ. அக்கா என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், ஒன்றும் பேச வேண்டாம், போய் உட்கார்ந்தால் போதும் என்று.

"உக்காரச் சொல்லுவாங்களா?"

தெரியாது என்றேன்.

"சரிங்க டீச்சர். சொல்லாட்டி நிக்கறனுங்க."